லாபியில் பட்ட கால்

"விசில் ஊத ஆம்பளையே கெடைக்கலியா உங்க சங்கத்துல?"

பாண்டுரங்கன் இதை அரங்கநாதனிடம்தான் கேட்டார். ஆனால் சாமுண்டீஸ்வரி பக்கத்திலேயே குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகக் கேட்டார். பொங்கல் கபடிப் போட்டி நடத்தும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். பந்தல், மைக்செட், கோப்பை, பேனரில் யார் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அவர் சொல்வதுதான்.

"வர வேண்டியவருக்கு டைபாய்டுங்க. இந்தப் பொண்ணு ஸ்டேட் பரீட்சை பாஸ் பண்ணது. கரூர்ல, தேனியில எல்லாம் நின்னிருக்குது" என்றார் அரங்கநாதன். மூத்த நடுவர். யாரிடமும் சண்டை வைத்துக்கொள்ளாமலே தலை நரைத்தவர்.

"கரூரு வேற, செஞ்சி வேற. இங்க ஒரு பொம்பள கைய தூக்குனா பசங்க மதிப்பானுங்களா? அதுவும்..."

முடிக்கவில்லை. அந்த 'அதுவும்'க்குப் பிறகு என்ன வரும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சாமுண்டீஸ்வரி காலனிக்காரி.

அவள் நிமிர்ந்தாள். "அதுவும் இன்னா சார்? சொல்லுங்க."

அண்ணே என்றும் இல்லை, ஐயா என்றும் இல்லை. சார். பாண்டுரங்கன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடிக்கப் போய்விட்டார்.

காணும் பொங்கல். கோட்டை பார்க்க வந்த ஜனமெல்லாம் ராஜகிரியிலிருந்து இறங்கி, கரும்பைக் கடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நின்றது. காலையிலிருந்து அவள் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. "டீச்சர், ஓம் ஒர்க் குடுப்பியா?" என்று ஒருத்தன் கத்தினான். தனியார் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர் என்பது ஊருக்கே தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் காலை மட்டும் பார்த்தாள்.

ஒருகாலத்தில் அவளே ஆடியவள்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் வலது முட்டி பிய்ந்துபோனது. இனி அவ்வளவுதான் என்றது வீடு. கல்யாணம் செய்துகொடுத்துவிடலாம் என்றது தெரு. அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினாள். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, காலனி, மறுபடி பள்ளிக்கூடம் என்று இருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் நடுவர் பரீட்சைக்குப் படித்தாள். கரூரில் முதல் முறையாக நின்றபோது எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் பாய்ந்து வந்து, "உனக்கென்ன கண்ணு தெரியாதா?" என்று மூஞ்சிக்கு நேரே கத்தினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நினைத்து நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆள் அவள் கண்ணைத்தான் திட்டினார். எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்கவே இல்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு அத்தனை சந்தோஷமாக அவள் அதுவரை வீட்டுக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து செஞ்சி அவளுக்குச் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது.

மத்தியானத்துக்கு மேல் விஷயம் சிக்கலானது. ராஜகிரி பிரதர்ஸ் இறுதிக்கு வந்தது, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பாண்டுரங்கனின் அக்கா மகன்தான் கேப்டன். இன்னொரு அரையிறுதியில் யாரும் எதிர்பார்க்காமல் ஜெயித்தது விடியல், காலனிப் பையன்களின் டீம். அந்தப் போட்டியில் நின்றது அரங்கநாதன். சாமுண்டீஸ்வரி வேண்டுமென்றே பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏனென்றால் விடியலின் முதல் ரைடர் அன்புச்செல்வன், அவளுடைய தம்பி.

விடியல் இந்தக் கோப்பையின் இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வருஷமும் காலிறுதியிலோ அரையிறுதியிலோ எங்கிருந்தாவது ஒரு விசில் வந்து அவர்களை வெளியே தள்ளிவிடும். அந்த விசில்களைப் பற்றிக் காலனியில் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

"நான் நிக்கக்கூடாது சார், என் தம்பி ஆடுறான்" என்றாள் அரங்கநாதனிடம்.

"நான் ஒருத்தன் இந்தக் கண்ணாடிய வெச்சிக்கினு எப்படிம்மா ஃபைனல் பாக்கறது? எதிர்க்கோட்ட நான் பாத்துக்கறேன். ரெண்டு கேப்டனும் ஒத்துக்கினா நின்னுடு."

கேட்டார்கள். பிரதர்ஸ் கேப்டன் சிரித்தான். "நிக்கட்டும். தோத்தா சொல்றதுக்கு எங்களுக்கும் ஒரு காரணம் வேணும்ல?"

விடியல் பக்கத்தில் அன்புச்செல்வன் கேப்டனை முந்திக்கொண்டான். "எங்க அக்காதான? தாராளமா நிக்கட்டும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பாண்டுரங்கன் முடிக்காமல் விட்ட பேச்சைவிட அந்தக் கண்ணடிப்பு அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ஒரு கபடிக்கு உரிய சத்தம் இல்லை அங்கே. இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. பிடித்தவனைத் தரையில் தேய்த்தார்கள். எழுந்தவன் காலை மிதித்தார்கள். அவள் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்தாள். இரண்டு பக்கமும் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டின. கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலனி முழுவதும் நின்றது. முன்வரிசையில் நைனா காமராஜ், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. ஆயுசு முழுக்க மண்டியில் மூட்டை தூக்கிய மனுஷன். மகன் ஆடுவதைப் பார்க்க இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

கடைசி ரைடு வந்தது. விடியல் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. அன்புச்செல்வன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

ஆடுகளத்தின் இரண்டு ஓரமும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பட்டை போட்டிருக்கும். லாபி என்பார்கள். எதிராளியைத் தொட்ட பிறகுதான் ரைடர் அதில் கால் வைக்கலாம். தொடாமல் வைத்தால் அவனே அவுட். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

அன்புச்செல்வன் இடது ஓரத்துக்குச் சரிந்தான். மூலையில் நின்றவனின் முட்டியைக் குறிவைத்துக் காலை நீட்டினான். மூலைக்காரன் பின்னால் துள்ளினான். சாமுண்டீஸ்வரி சரியாக அந்தக் கோட்டில்தான் இருந்தாள், குனிந்து. தம்பியின் கால் விரலுக்கும் அந்த முட்டிக்கும் நடுவில் அவளுக்கு மண் தெரிந்தது. செம்மண், அதில் நசுங்கிய ஒரு கரும்புச் சக்கை. நீட்டிய கால் அப்படியே லாபிக்குள் இறங்கியது. அதற்கப்புறம்தான் மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து நடுக்கோட்டைக் கையால் தொட்டான்.

காலனி கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தது. மேளம் வெடித்தது. யாரோ அன்புச்செல்வனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். காமராஜ் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவள் விசிலை ஊதினாள். நீளமாக, இரண்டு முறை. "ரைடர் அவுட்! டச் இல்ல. காலு லாபியில."

மேளம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. தோளிலிருந்து தம்பி இறங்கி வந்தான்.

"யக்கா, இன்னா சொல்ற?"

"அவுட்டு."

"நான் தொட்டேன்."

"தொடல."

அரங்கநாதன் எதிர்க்கோட்டிலிருந்து ஓடிவந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. "அவன் முதுகு மறைச்சிடுச்சிம்மா, எனுக்கு ஒண்ணும் தெரியல." பிறகு அவள் காதோரம் வந்து, "ரைட திரும்பப் போடச் சொல்லிடு. ரெண்டு பக்கமும் அடங்கிடும். சந்தேகத்துக்கு அதான் வழி" என்றார்.

"எனுக்கு சந்தேகம் இல்லியே சார்."

முதல் தண்ணீர்ப் பாக்கெட் அவள் தோளில் விழுந்து உடைந்தது. அடுத்து ஒரு செருப்பு. சின்ன வயசிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த தெருப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். "ஊர்க்காரனுக்கு வெல போயிட்டாடி!" என்ற குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பூங்குழலி.

ஒரு பையன் செல்போனை அவள் மூஞ்சியில் நீட்டினான். "பாரு! வீடியோல பாரு! தொட்றான் பாரு!"

வாங்கிப் பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ. அதில் தம்பியின் கால் நீள்கிறது. மூலைக்காரனின் முட்டி அதை மறைக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருப்பது போலத்தான் இருந்தது. அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இத்தனை பேரும் ஒன்றைச் சொல்கிறார்கள். போனும் அதையே சொல்கிறது. தான் ஒருத்தி மட்டும் எப்படி? பாண்டுரங்கன் காலையில் பேசியது மனசில் எங்கேயோ தங்கி, நான் நேர்மையானவள் என்று காட்டிக்கொள்வதற்காகவே சொந்தத் தம்பியின் டச்சைப் பார்க்காமல் விட்டுவிட்டேனா?

ஒரு சொல் போதும். திரும்பப் போடுங்கள் என்றால் போதும். செருப்பு நிற்கும். நைனா முகத்திலிருந்து துண்டு விலகும்.

ஆனால் அந்த மண்? அந்தக் கரும்புச் சக்கை? அதை எந்தக் காலனிக்காகவும் எந்த ஊருக்காகவும் அவள் கற்பனை செய்யவில்லை. அது அங்கே கிடந்தது. விரலுக்கும் முட்டிக்கும் நடுவில் கிடந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நின்ன எடத்துல இந்த போன் இல்ல. இந்த போன் இருந்த எடத்துல நான் இல்ல. அவுட்டுன்னா அவுட்டுதான்."

"நீயெல்லாம் ஒரு பொறப்பா?" என்று அந்தப் பையன் காறித் துப்பினான். எச்சில் அவள் ஷூவில் விழுந்தது.

போலீஸ்காரர் இருவர் வந்து கயிற்றைத் திரும்பக் கட்டினார்கள். பிரதர்ஸ் ஜெயித்ததாக மைக்கில் அறிவித்தார்கள். காலனி கூட்டமாக வெளியேறியது. நைனா போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

மேடையில் கோப்பையைக் கொடுத்து முடித்ததும் பாண்டுரங்கன் மைக்கில் அவள் பேரைச் சொன்னார். முழுப் பேரையும் சொன்னார். "சொந்தத் தம்பின்னும் பாக்காம ஞாயத்தச் சொன்ன பொண்ணு. நம்ம ஊரு பொண்ணு! இந்தப் பொன்னாடைய..."

கை தட்டினார்கள். காலையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். சாமுண்டீஸ்வரி மேடைக்கு ஏறினாள். கழுத்துக்கு வந்த பொன்னாடையைக் கையால் தடுத்தாள்.

"அவங்களுக்கு அவுட்டு குடுத்ததால நான் நம்ம ஊரு பொண்ணா சார்? நாளைக்கு உங்க அக்கா பையனுக்கு அவுட்டு குடுத்தா நான் யாரு பொண்ணு?"

மைக் அவர் கையில் இருந்தது. அவள் பேசியது கூட்டம் முழுவதற்கும் கேட்டது.

"பாத்தியா, மரியாத குடுத்தா தெரியுதா இதுங்களுக்கு?" என்று மேடையிலிருந்த ஒருவர் சொன்னார். பாண்டுரங்கன் பொன்னாடையைச் சுருட்டி நாற்காலியில் எறிந்தார். அவள் இறங்கி நடந்தபோது இந்தப் பக்கமும் ஊளையிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தன.

வீட்டில் அம்மா சின்னப்பொண்ணு தட்டை அவள் முன்னால் தரையில் போட்டாள். சோறு கொஞ்சம் வெளியே சிதறியது. காமராஜ் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே பேசினார்.

"எத்தினி தபா நமக்குப் பொய் விசிலு ஊதுனானுங்க. நானும் ஆடுனவன்தான். என் காலத்துலயும் ஊதுனானுங்க. ஒரு தபா, ஒரே ஒரு தபா நீ ஊதியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்? நம்ம பசங்க அந்தக் கோப்பையக் கையால தொட்டிருப்பானுங்க."

"பொய் விசிலு ஊதறதுக்கு நான் எதுக்கு நைனா? அவங்களே போதுமே."

"பேசு. நல்லா படிச்சிட்ட, பேசு."

அந்தக் கோப்பை காலனிக்குள் வர வேண்டும் என்று அவளும்தான் ஆசைப்பட்டாள். காலையில் ஷூ லேஸ் கட்டும்போதுகூட அதைத்தான் நினைத்தாள். அதை இப்போது சொன்னால் நைனா நம்ப மாட்டார். சிதறிய சோற்றைப் பொறுக்கித் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் காலனியில் அவளோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. வீட்டுச் சுவரில் கரியால் 'துரோகி' என்று எழுதினார்கள். அவள் கழுவினாள். மறுபடி எழுதினார்கள். இரண்டாவது முறை எழுத்துப்பிழையோடு இருந்தது. அதைத் திருத்திவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பிறகு அழுகை வந்துவிட்டது. விடியல் டீம் சங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டது. விழுப்புரத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மைதானத்தில் சொன்னதையே அங்கேயும் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். வீடியோவையும் பார்த்தார்கள். அதைக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, நடுவர் முடிவே இறுதி என்று முடித்தார்கள். அவள் ஜெயித்ததாகவும் இல்லை, தோற்றதாகவும் இல்லை.

கோடை தொடங்கிய சமயம் அரங்கநாதன் போன் செய்தார். வடக்கே ஒரு ஊரில் பெண்களுக்கான அகில இந்திய ஜூனியர் போட்டி. தமிழ்நாட்டிலிருந்து நடுவராக அவள் பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "போவியாம்மா? ரொம்ப தூரம். பாஷையும் தெரியாது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கி நான் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றார்.

"போறேன் சார்" என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் அன்புச்செல்வன் வாசல்படியில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தான். கோப்பை போன நாளிலிருந்து அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்க, அங்க போயி யாரு தம்பிய அவுட்டாக்கப் போற?"

"வழிய விடு."

"நீ பெரிய ஆளாவணும்னு என்ன மெதிச்சிட்ட. இப்போ டிரெயின் ஏர்ற."

பையைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "அன்பு. நீ தொட்டியா?"

அவன் எழுந்தான். அவளைவிட ஒரு தலை உயரம். அவன் கண்ணில் வெறுப்பு இருந்தது, கூடவே ஒரு திருப்தியும் இருந்தது.

"தொட்டனா இல்லியான்னு எனுக்குத் தெரியும். உனுக்கு சொல்ல மாட்டேன். நைனா செத்தாலும் சொல்ல மாட்டேன், நான் சாவுற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீயே நெனச்சி நெனச்சி சாவு."

அவன் எதிர்பார்த்தது அவள் முகம் உடைவதை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். உடையவில்லை. அவன் ஆமாம் என்றிருந்தாலும் இல்லை என்றிருந்தாலும் அந்த மண் அங்கேயேதான் கிடந்திருக்கும் என்று அவளுக்குத் திடீரென்று புரிந்தது. தன் கண்ணுக்குச் சாட்சி கேட்டு இவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இத்தனை நாளாக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த ஒன்று அந்த வாசல்படியிலேயே விட்டுப்போனது.

"சொல்ல வேணாம். நான் பாத்தேன்" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு அவனை உரசிக்கொண்டு இறங்கினாள். தெருவில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இரண்டு நாள் ரயில். போன இடத்தில் மண் இல்லை. பெரிய உள்ளரங்கில் நீலமும் மஞ்சளுமாக மேட் விரித்திருந்தார்கள். அறிமுகத்தின்போது அவள் பெயரைச் சொல்ல முயன்ற ஒருவர் பாதியில் விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ சொன்னார். அதில் 'மதராஸி' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. அதற்கும் சிரித்தார்கள். வெளியூரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கரூரில் நினைத்துக்கொண்டது சரியில்லை என்று அப்போது தெரிந்தது. இங்கே கேட்க வேறொன்று வைத்திருந்தார்கள். இன்னும் தூரம் போனால் அங்கேயும் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

முதல் ஆட்டத்திலேயே ஒரு அணிக்குப் போனஸ் புள்ளி கொடுக்க மறுத்தாள். அந்த அணியின் பயிற்சியாளர், மீசை முறுக்கிய ஆறடி ஆள், நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கோட்டுக்கு வந்து கத்தினார். கூட்டமும் அவரோடு சேர்ந்து கத்தியது. என்ன வார்த்தைகள் என்று அவளுக்குத் தெரியாது. நல்ல வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

சாமுண்டீஸ்வரி அவர் அருகில் போனாள். சட்டைப் பையிலிருந்து எச்சரிக்கைக்கான பச்சை அட்டையை எடுத்து, கையை நன்றாக உயர்த்திக் காட்டினாள்.

"உக்காருங்க சார்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே முறைத்துப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.